கப்பல் கொண்டுபோன அண்ணன்

இத்தாலியில் நான் பார்த்துக்கொள்ளும் கிழவர் ஒரு சுவாமியார், தொண்ணூறைத் தாண்டியவர். வாலிபத்தில் வடதுருவப் பக்கம், இனுயிட் சனங்களின் சின்ன ஊரொன்றில் பங்குத்தந்தையாக இருந்தவர். குளிப்பாட்டும்போது அந்த ஊரைப் பற்றித்தான் கதைப்பார். சீல் இறைச்சி, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி, கோடையில் ஒருமுறை வரும் ஆஸ்பத்திரிக் கப்பல். கப்பலில் ஏற்றி நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, சயரோகம் என்றால் ஆளைக் கரைக்கு இறங்கவே விடாமல் தெற்கே கொண்டுபோய்விடுவார்களாம். பலரைப் பற்றி ஊருக்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லையாம். "நாசமாய்ப் போவாங்கள்!" என்பேன். சண்டைக் காலத்தில் கொண்டுபோன பிள்ளைகளைத் தாய்மார் இன்னும் தேடுகிற மன்னாரில் பிறந்தவள் வேறென்ன சொல்வேன்?

போன மாதம் அந்த ஊரிலிருந்து வீடியோ கோல் வந்தது. ஒரு கிழவி, பக்கத்தில் அவளுடைய மகள். சுவாமிக்கு அந்தப் பாஷை மறந்துபோயிருந்தது. மகள் இங்கிலீஷில் சொல்ல, நான் இத்தாலியனில் அவருக்குச் சொன்னேன். கிழவி தாயின் வயிற்றில் இருந்தபோது அவளுடைய அண்ணனைக் கப்பல் கொண்டுபோயிருக்கிறது. அவன் பிழைத்தானா, செத்தானா? அது தெரியாமல் கண்மூட மாட்டேன் என்கிறாள்.

சுவாமி சுவரைப் பார்த்தார். "களைப்பாயிருக்கு. போனை வை பிள்ளை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெரியுமெண்டால் சொல்லுங்கோ சுவாமி! வாயிலை என்ன கொழுக்கட்டையோ?"

சொன்னார். அந்தப் பனிக்காலமே பையன் செத்துவிட்டான். செய்தி அவருக்குத்தான் வந்தது. "நான் ஊருக்குப் புதுசு. தாய் பிள்ளைத்தாச்சி. பிறக்கட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். பிறந்த பிறகு வாய் வரேல்லை. பிறகு என்னை மாத்திப்போட்டாங்கள்."

அதை மகளுக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டு, கிழவி அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. மகள்தான் விளங்கப்படுத்தினாள். அவர்களுடைய ஊரில் செத்தவரின் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பார்கள். பெயரோடு ஆளும் திரும்பி வந்துவிடுவார். பெட்டைப் பிள்ளையென்றாலும் தாய் அதை "மகனே" என்றுதான் கூப்பிடுவாள். சாவு தெரியாவிட்டால் பெயரை வைக்க முடியாது.

பிறகு கிழவி சொன்னாள்: "கோடை வந்தால் அம்மா என்னை இறக்கி வைச்சிட்டுக் கப்பலடிக்கு ஓடுவா. சாகுமட்டும் ஓடினா. நீங்கள் சொல்லியிருந்தால் அவன் அவவின்ரை மடியிலை இருந்திருப்பான்."

சுவாமி என் கையைப் பிடித்தார். "என்னவாம் பிள்ளை?"

பாவம் கிழவர், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. நாளைக்கா! ஒரு சொல்லும் விடாமல் அப்போதே சொன்னேன்.