தட்டிப் பார்த்துச் சொன்ன பலா

தோட்ட வேலை மட்டும் செய்துகொண்டிருந்த காலத்தில் யாரும் என்னிடம் கஷ்டமான கேள்வி கேட்டதில்லை. ரோசாவுக்கு எரு போதுமா, மதில் ஓரத்தில் எதை வைத்தால் சீக்கிரம் அடர்த்தியாக வரும், இவ்வளவுதான். தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டாலும் ஏதாவது சொல்வேன். ரோசா செத்துப்போனால் இன்னொன்றை நட்டுவிடலாம்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டி வரைக்கும் வீட்டுத் தோட்டங்களை நானும் என் வீட்டுக்காரரும் ஏழெட்டு வருடமாகப் பார்த்துவந்தோம். போகிற வீட்டிலெல்லாம், "அப்படியே அந்தக் கிளையையும் வெட்டிட்டுப் போங்களேன்" என்பார்கள். கேட்டுக் கேட்டு அவருக்கு ஆசை வந்துவிட்டது. கம்பளையில் மரம் வெட்டும் ஆட்களோடு மூன்று மாதம் போய், கயிறு கட்டி ஏறப் பழகினார். மரம் அறுக்கும் செயின் சோ வாங்கினார், ஹெல்மெட் வாங்கினார், மூன்று மொழியிலும் கார்ட் அடித்தார். அதில் 'மர வேலை நிபுணர்கள்' என்று இருந்தது. ஒருவர் நீங்கள், மற்றவர் யார் என்று கேட்டேன்.

"நீதான். நான் ஏறுறேன், நீ பாத்துச் சொல்லு."

எதைப் பார்த்து எதைச் சொல்வது? அவரிடம் கேட்டால் அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருப்பார். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். செடி வைத்த மண்சாடியை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்றால் உள்ளே மண் காய்ந்திருக்கிறது, தொப்பென்றால் ஈரம் போதும். இதில் நான் பிழைவிட்டதே இல்லை. மரத்தையும் மரச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள், உள்ளே உக்கி இற்றுப்போயிருந்தால் சத்தம் மாறும் என்று கம்பளையில் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். காது ஒன்றுதானே, சாடிக்குக் கேட்டது மரத்துக்குக் கேட்காதா என்று நினைத்துவிட்டேன்.

எங்களைக் கூப்பிட்ட முதல் பெரிய வேலை, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருடையது. யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது தாண்டியவர், தனியாக இருந்தார். எங்கள் மலைப்பக்கத்து வீடுகள் எல்லாவற்றையும் போல வீட்டுக்குப் பின்னால் உயரமான மண்திட்டு. அதன் விளிம்பில் ஒரு பெரிய பலா. நேர் கீழே டீச்சரின் படுக்கையறை. காற்றடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்றார். வெளிநாட்டில் இருக்கும் மகள் தினமும் போன் எடுத்து வெட்டச் சொல்கிறாள். டீச்சருக்கு மனமில்லை. காய்க்கிற மரம்.

"இது விழுமோ, விழாதோ? அதை மட்டும் சொல்லுங்கோ பிள்ளை. விழுமெண்டால் வெட்டுவம். விழாதெண்டால் நிக்கட்டும்."

சுற்றிச் சுற்றித் தட்டினேன். மூன்று பக்கம் ஒரு மாதிரி, திட்டுப் பக்கம் வேறு மாதிரி. அங்கே உள்ளே ஒன்றுமில்லாத சத்தம். மறுபடி தட்டினேன், கேட்டது. மூன்றாம் முறை கேட்டதா, கேட்க வேண்டும் என்று நினைத்ததால் கேட்டதா என்று தெரியவில்லை. டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிபுணர் என்று கார்ட் கொடுத்தவள் 'தெரியவில்லை' என்று எப்படிச் சொல்வது?

"உள்ள உக்கிப்போச்சுங்க டீச்சர்" என்றேன். "வெட்டிட்டா ராத்திரிக்கு நிம்மதியாத் தூங்கலாம்."

பலாவை நினைத்தபடி வெட்ட முடியாது, பர்மிட் வேண்டும். ஊருக்குப் பொறுப்பான கிராம சேவகர் வந்து மரத்தைவிட எங்கள் கார்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். இது உங்கள் தொழில், உக்கியிருக்கிறது என்று எழுதித் தாருங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அவர் என் கடிதத்தை நம்பினார், பிரதேச செயலகம் அவரை நம்பியது, டீச்சர் முத்திரை குத்திய பர்மிட்டை நம்பினார். முத்திரையைப் பார்த்ததும் நானும் நம்பிவிட்டேன்.

இரண்டு நாள் வேலை. வீட்டுக்காரர் ஏறி, கிளைகளைத் துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்கினார். ஓர் ஓடுகூட உடையவில்லை. கடைசியாக அடிமரத்தை அறுத்தார். மரத்தூள் மஞ்சளாக வந்தது, வர வர இன்னும் மஞ்சளானது. உக்கல் இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வெட்டி முடிந்தது. மண்ணில் மிஞ்சிய குற்றி முழுக்க நடுமையம்வரை கல்லு மாதிரி இருந்தது. நான் தட்டிய இடத்தில் பட்டை மட்டும் உப்பிக் கழன்றிருந்தது. அந்த இடைவெளிதான் எனக்குக் கேட்ட சத்தம்.

"மண்ணைப் போட்டு மூடிருவோமா?" என்றார் வீட்டுக்காரர் மெதுவாக.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைத்தான் திட்டினேன். பாவம், ஏறச் சொன்ன இடத்தில் ஏறியவர் அவர்.

"நல்ல மரமும் விழுந்திருக்கு. இதுவும் விழுந்திருக்கலாம், யாரு கண்டா?" என்றார்.

அப்படியானால் நான் சொன்னது சரியா, பிழையா? நிற்கிற மரம் விழாவிட்டால் விழாது என்றவர் சொன்னது சரி. வெட்டிய மரத்திடம் யாரும் கேட்க முடியாது. அங்கேயே நின்று யோசித்தேன். இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

அதற்குள் டீச்சர் படியேறி வந்துவிட்டார். குற்றியின் மேல் கையை வைத்தார்.

"உக்கின இடம் எங்க பிள்ளை?"

"பட்டையில மட்டுந்தாங்க டீச்சர். மரம் நல்ல மரம். நான் பிழையாச் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த மஞ்சள் தூளைச் சேலையில் துடைத்தார்.

"சரி, வெட்டியாச்சு. இனி நான் பயமில்லாமல் படுக்கலாம்தானே?"

திட்டைப் பார்த்தேன். மழை அரித்த பக்கத்தில் பலாவின் வேர்கள் கைப் பருமனுக்கு வெளியே தெரிந்தன, மண்ணைப் பிடித்தபடி. இனி அவை உக்கும். எத்தனை வருடத்தில்? அதற்குப் பிறகு இந்த மண் நிற்குமா? 'பயமில்லை டீச்சர்' என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலைங்க டீச்சர்" என்றேன்.

அவர் கீழே தன் படுக்கையறைக் கூரையைப் பார்த்தார்.

"அப்ப கட்டிலை முன் அறைக்கு மாத்தித் தாங்கோ."

நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். பாரமில்லாத கட்டில். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.