கோட்டைத் தாண்டிய கேட்ச்

ராமச்சந்திராபுரத்தில் ஃபேக்டரியில் நான் வேலை பார்த்த பிரிவான எங்கள் ஷாப் ஆடிய பேஸ்பால் ஆட்டத்துக்கு நான்தான் அம்பயர். கடைசி இன்னிங்ஸில் இரு அணிகளும் சமநிலை. எங்கள் ஃபோர்மேன் பந்தைப் பிடித்து, ஓடிய வேகத்தில் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

“கோட்டைத் தாண்டினா அவுட் இல்லே” என்றது எதிரணி. அது கிரிக்கெட் பழக்கம். அடித்தவர் அவுட் என்றேன். ஆனால் பிடித்த பந்தோடு அவர் வெளியே போனதால், பேஸ்பால் விதிப்படி மூன்றாம் பேஸில் நின்ற எதிரணிக்காரரை ஒரு பேஸ் முன்னேறி ஹோமுக்குப் போகச் சொன்னேன். அந்த ஒரே ரன்னில் எங்கள் ஷாப் தோற்றது.

தினமும் கம்பெனி பஸ்ஸில் கைக்குட்டை போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பவர் ஃபோர்மேன். மறுநாள் கைக்குட்டை இல்லை.

“நம்ம ஷாப்புன்னு பார்த்திருக்கலாமே” என்றார்.

“உங்க காலைத்தான் சார் பார்த்தேன்.”

ஃபேக்டரி கேட் வரை நின்றுகொண்டே போனேன். எந்த சீட்டிலும் நான் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.