மூன்றாவது சாந்திக்குக் காத்திருந்த மடை

ஐம்பத்தைந்தாம் வருஷம் தை மாதம். தஞ்சாவூரில் காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தேன். கந்தர்வக்கோட்டை பதினெட்டு மைல். டிக்கெட் பன்னிரண்டு அணா. அதற்கப்பால் மூன்று மைல் உள்ளே ஒரு கிராமத்தில் சாந்தி ஹோமம். அதில் பழங்கால அரசர்களின் சமாதான முறைகளைப் பற்றிப் பேச, சரித்திர வாத்தியாரான என்னை அழைத்திருந்தார்கள். அன்றைக்கே என் மைத்துனர் மகனுக்குக் காதுகுத்து. அதற்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததை நான் சுத்தமாக மறந்து, இதற்கு ஒப்புக்கொண்டிருந்தேன். என் மனைவி வாசலில் நின்று, "ஊருக்குச் சமாதானம் சொல்லப் போறீங்களா? நல்லா சொல்லிட்டு வாங்க" என்றாள். அந்தக் குரலுக்குப் பயந்தே சீக்கிரம் கிளம்பினேன்.

எட்டரை மணிக்கு மாட்டுவண்டி. கூலி எட்டணா. சண்டை என்னவென்று வண்டிக்காரரைக் கேட்டேன். ஏரி மடையை யார் முதலில் திறப்பது என்று கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் தகராறாம். இரண்டு தெருப் பெரியவர்களும் மாமன் மச்சான். பேசி எட்டு மாதம் ஆகிறதாம்.

"யாரு மடைகிட்ட போனாலும் அங்கிட்டுள்ளவுக கம்பெடுத்துக்கிட்டு வாராக. கருது பால் புடிக்கிற நேரமுங்க. நாலு நாள்ல தண்ணி பாயலைன்னா அம்புட்டும் பதருதான்" என்றார். அவருக்கும் அங்கே அரை ஏக்கர் இருந்தது.

பத்து மணிக்குப் பேசினேன். அரசனுக்கு வழிகள் ஆறு: சமாதானம், போர், படையெடுப்பு, அசையாமல் உட்கார்ந்திருத்தல், இரட்டை வேஷம், வலியவரிடம் அடைக்கலம். சமாதானத்துக்கு மட்டும் முக்கால் மணி எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்திருத்தலை ஒரே வரியில் முடித்தேன்; அதில் என்ன இருக்கிறது சொல்ல? பந்தலின் கிழக்கே ஒரு தெரு, மேற்கே ஒரு தெரு. நடுவில் ஒரு நாய் மட்டும் இரண்டு பக்கமும் போய்வந்தது.

பிறகு கந்தர்வக்கோட்டை சாஸ்திரிகள் மந்திரத்தைத் தொடங்கினார். ஒல்லியான மனிதர், தொண்டை மட்டும் வெண்கலம். அந்த ஊர் வழக்கப்படி, கடைசியில் மூன்று முறை சாந்தி சொல்லும்போது இரண்டு தெருப் பெரியவர்களும் கும்பத்தை ஆளுக்கொரு கையால் தூக்க வேண்டும். அந்த நீரை ஊற்றித்தான் மடை திறப்பார்கள். அதற்கப்புறம்தான் பந்தியில் இலை.

பன்னிரண்டு மணிக்கு சாஸ்திரிகள் முதல் சாந்தி சொன்னார். இரண்டாவதும் சொன்னார். தலையை நிமிர்த்திப் பார்த்தார். பெரியவர்கள் இருவரும் அசையவில்லை. சரி என்று மந்திரத்தை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்!

ஒரு மணிக்கு மறுபடியும் இரண்டு சாந்தி, மறுபடியும் ஆரம்பம். சாம்பார் வாசனை வந்து மூக்கைத் துளைத்தது. காலையில் வீட்டில் காபிகூடக் கிடைக்காத என் வயிறு கூச்சலிட்டது. இரண்டு மணிக்கு ஜனங்களின் கோபம் எதிர்த்தெருவை விட்டுத் தங்கள் பெரியவர் பக்கம் திரும்பியது. மேலத்தெருப் பெண்கள் அவர்கள் பெரியவரையே முறைத்தார்கள். சாஸ்திரிகளின் குரல் மட்டும் துளியும் குறையவில்லை.

இரண்டேகாலுக்குக் கீழத்தெருப் பெரியவர் எழுந்து வந்து கும்பத்தில் ஒரு கை வைத்தார்.

"மச்சான், சோறு ஆறுது. அந்தப் பக்கம் புடிங்க."

மேலத்தெருக்காரர் வந்து பிடித்தார். "புடிக்கிறேன். ஆனா ஒங்ககூடப் பேச மாட்டேன்" என்று அவரிடமே சொன்னார். பந்தல் முழுக்கச் சிரித்தது. மூன்றாவது சாந்தி முடிவதற்குள் பாதிப் பேர் மடைக்கும் மீதிப் பேர் பந்திக்கும் ஓடினார்கள். வண்டிக்காரர் சாப்பிடாமல் தன் வயலுக்கு ஓடியதைப் பார்த்தேன். என்னவோ எனக்குக் கண் கலங்கியது.

கிளம்பும்போது சாஸ்திரிகளிடம், என் முக்கால் மணிப் பேச்சு வீண்தானே என்றேன். "அப்படிச் சொல்லாதேள். நடுவுல ஒரு வரி ரொம்ப உபயோகமா இருந்தது" என்றார்.

மாலை ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. கூடத்தின் நடுவே, அசையாமல் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆறு வழிகளும் மனப்பாடம். நேராகக் கடைசி வழியான அடைக்கலத்துக்குப் போனேன். "நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுல ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போய், அவர்கிட்ட நானே மன்னிப்புக் கேக்கறேன்" என்றேன்.

"மொதல்ல அரிசியக் களைஞ்சு வைங்க" என்றாள்.