ஆயில் பம்பும் ஓர் ஈர்க்குச்சியும்

நண்பரே, இதற்கு நீங்கள் சாட்சி. நடுவராக இருக்க உங்களை அழைக்கவில்லை. தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது, அதுவும் எனக்கு எதிராக. நேற்று என் சான்றிதழ்க் கோப்பைத் தூசி தட்டியபோது, பேச்சுப் போட்டியின் இரண்டு முதற்பரிசுகளுக்கு நடுவே ஓர் ஈர்க்குச்சி அகப்பட்டது. சாண் நீளம். நடுவில் பிளேடால் கீறிய கோடு. அடிநுனியில் கறுத்து உலர்ந்த எண்ணெய். வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் துடைப்பத்திலிருந்து உதிர்ந்தது என்று வீசியிருப்பார்கள். நான் மூக்கருகே கொண்டுபோனேன். வாசம் போகவில்லை, அல்லது, போகவில்லை என்று நம்ப எனக்குப் பிடித்திருந்தது.

பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து எரிகிற புகையின் வாசம் அது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் என் சட்டைகள் எல்லாவற்றிலும் அதுதான் குடியிருந்தது. ஒரு போட்டியில் முன்வரிசை நடுவர் மூக்கைச் சுளித்ததை என் வாதத்துக்கான எதிர்ப்பென்று எடுத்துக்கொண்டு, மணி அடித்த பிறகும் இரண்டு நிமிடம் பேசித் தோற்ற பெருமை எனக்கு உண்டு.

அந்த வாசத்தின் பிறப்பிடம், நானும் சேவியரும் கூட்டாக வாங்கிய நூறு சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டி. மங்கலம்பேட்டையில் ஒரு விதைக்கடைக் கிடங்கிலிருந்து மினி லாரியில் ஏற்றி வந்தோம். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. சேவியர் என் பள்ளித் தோழன். நான் கல்லூரியில் வாய் வளர்த்துக்கொண்டிருந்த நாட்களில் அவன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

அந்த வகை எஞ்சினுக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து போயாக வேண்டும். போகாவிட்டால் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பெட்ரோல் போடும்போதே கையால் எண்ணெயைக் கலந்து ஊற்றலாம். இல்லையேல் எஞ்சினோரம் இருக்கிற ஒரு குட்டிப் பம்பு, தனித் தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்து, நாம் முறுக்குகிற வேகத்துக்கு ஏற்ப ஊட்டும். எங்கள் வண்டியின் பம்பு கசிந்து செத்திருந்தது. அதை மூடிவிட்டுக் கையாலேயே கலப்போம் என்பது சேவியரின் கட்சி. பம்பைப் பிரித்து உயிர்ப்பிப்போம் என்பது என் கட்சி.

வேடிக்கைச் சண்டை அல்ல இது. முன்னால் ஓட்டியவர்கள் பிஸ்டன் கவ்வியபோதெல்லாம் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து கடைந்து கடைசி அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இன்னொரு முறை பிஸ்டன் கவ்வினால் மேற்கொண்டு கடைய இடமில்லை. வண்டி நேரே காயலான் கடைக்குப் போகும். இது தெரிந்திருந்தும் நான் வாதாடினேன். ஜப்பானில் ஒருவன் தூக்கம் கெட்டுக் கண்டுபிடித்ததைக் கடலூரில் இருவர் சோம்பலால் மூடுவதா என்று கேட்டேன். சேவியர் காதைக் குடைந்தபடி, "செரி மச்சான், பண்ணு. தாங்கலடா உன் வாயி" என்றான். அதை நான் வெற்றி என்று குறித்துக்கொண்டேன்.

தேவனாம்பட்டினம் போகிற சாலையில், சேவியர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வேலை நடந்தது. கடற்காற்று மணலை வாரி வந்து போடும் என்பதால் ஈரக் கோணியைத் திரையாகக் கட்டினோம். பாகங்களை வைக்க ஒரு தட்டு வேண்டுமென்றபோது, பேச்சுப் போட்டியில் பரிசாக வந்த எவர்சில்வர் தட்டைக் கொடுத்தேன். "முதற்பரிசு" என்று பொறித்த எழுத்துகளின் மேல் பம்பு பிரிந்து கிடந்தது: எலுமிச்சம்பழ அளவு உடல், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன பற்கள் கொண்ட தண்டு, தாள் போன்ற வாஷர்கள், காய்ந்து கல்லாகிப்போன இரண்டு ரப்பர் சீல்கள். அந்தச் சீல்கள்தான் குற்றவாளிகள். பெட்ரோலில் எல்லாவற்றையும் அலசி, புதுச் சீல்களை எண்ணெய் தடவி விரல் நுனியால் அழுத்தியபோது, அவை 'ப்ளக்' என்று உட்கார்ந்த சத்தம் எந்தக் கைதட்டலுக்கும் குறைந்ததில்லை.

பூட்டிய பிறகு ஒரு சடங்கு உண்டு. பம்பின் பக்கத்துத் திருகைக் கழற்றினால் உள்ளே மாட்டிய காற்று எண்ணெயோடு குமிழியாக வெளியேறும். குமிழி அடியோடு நிற்கும்வரை காத்திருந்து திருகைப் பூட்ட வேண்டும். காற்று மிஞ்சினால் பம்பு வெறுமனே சுழலும், எண்ணெய் நகராது. நான் கழற்றினேன். குமிழிகள் வந்தன. காத்திருக்கிற வேளையில் சும்மா இருப்பானேன் என்று பம்பின் மாண்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசத் தொடங்கி, உணர்ச்சி உச்சத்தில் திருகை இறுக்கிவிட்டேன்.

சோதனை ஓட்டம் சிதம்பரத்துக்கு. அங்கே மேல வீதியிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் சேவியரின் அக்கா ரெஜினா இருந்தார். ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவர் என்பதால் அவரையே நடுவராக்கினோம். பெட்ரோல் டேங்கில் கையால் கலந்து வைத்திருந்த பழைய கலவையை வடித்துவிட்டு, பங்க் வரை வண்டியைத் தள்ளிப் போய், வெறும் பெட்ரோல் போடுவதென்று ஒப்பந்தம். நான் எண்ணெய்த் தொட்டியில் ஈர்க்குச்சியை விட்டு, நனைந்த இடத்தில் கோடு கீறி, சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். சான்றாவணம் இல்லாமல் நான் எந்த மேடையும் ஏறுவதில்லை.

வண்டி பறந்தது. சிப்காட் தாண்டியது, ஆலப்பாக்கம் தாண்டியது, புதுச்சத்திரம் தாண்டியது. பின்னால் நீலப்புகை நூல் பிடித்தாற்போல் வந்தது. "பாத்தியாடா பொகைய? பம்பு பேசுது" என்று திரும்பிக் கத்தினேன். பின்னால் உட்கார்ந்திருந்த சேவியர், "ரோட்டப் பாத்து ஓட்டு" என்று மட்டும் சொன்னான்.

ரெஜினா அக்கா வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கியும் இறங்காமலும் வெற்றி உரையைத் தொடங்கினேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே முழுதும் கேட்டார். முடித்ததும், "நல்லாத்தான் பேசற தம்பி. அந்தக் குச்சிய உட்டுப் பாத்தியா?" என்றார்.

குச்சியை விட்டேன். எடுத்தேன். எண்ணெய் கோட்டை மிகச் சரியாகத் தொட்டு நின்றது. துடைத்து மறுபடி விட்டேன். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒரு சொட்டும் இறங்கவில்லை. பம்பு எதையும் ஊட்டவில்லை.

"அப்ப வண்டி எதுலடா ஓடுச்சு?" என்றார் அக்கா.

சேவியர் செருப்பால் தரையைக் கீறினான். "பங்க்ல இவன் காத்தடிக்கிற அண்ணன்கிட்ட பம்பப் பத்தி லெக்சர் குடுத்துக்கினு இருந்தான். அப்ப நான் பெட்ரோல் டேங்க்ல ஆயில ஊத்திட்டேன்."

"ஏன்டா? ஒப்பந்தம் இன்னா?" என்று பாய்ந்தேன்.

"திருக இறுக்கறப்பகூட குமிழி ஓடுச்சு மச்சான். நான் பாத்தேன்."

"சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

"சொன்னா நீ கேப்பியா? பதில் சொல்லுவ."

அக்கா சிரித்ததில் மடியிலிருந்த கீரை சிதறியது. எனக்கு இன்னொன்று புரியவில்லை. "நான் தோத்திருந்தா நீ ஜெயிச்சிருப்பியேடா. வுட்டிருக்கலாம்ல?" என்றேன்.

"வண்டி செத்துட்டா அப்புறம் எத வச்சிடா நாம சண்ட போடறது?" என்றான்.

எத்தனையோ எதிர்வாதங்களுக்கு எழுந்து நின்றவன் நான். அதற்கு மட்டும் ஸ்பானரை எடுத்தேன். முற்றத்தில் மண்டியிட்டுத் திருகை மறுபடி கழற்றினேன். குமிழிகள் வந்தன, குறைந்தன, ஓய்ந்துவிட்டதென நினைத்தபோது இன்னும் மூன்று வந்தன. அதன்பின் எண்ணெய் கண்ணாடிபோல வழிந்தது. அதுவரை நான் வாய் திறக்கவில்லை. அக்கா என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார்.

திரும்பி வரும்போது பெட்ரோலில் கலந்த எண்ணெயும் பம்பு தந்த எண்ணெயும் சேர்ந்து எரிந்து, பின்னால் வந்த பேருந்து கண்ணுக்கே தெரியாத அளவு புகைந்தது. இரு கட்சியும் ஒரே எஞ்சினில் வென்ற ஊர்வலம் அது. சிந்திய அளவுக்கு எண்ணெய் ஊற்றிக் கோடு வரை நிரப்பிவிட்டுத்தான் கிளம்பியிருந்தோம். கடலூரில் குச்சியை விட்டுப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே ஓர் அரிசி அளவு இறங்கியிருந்தது.

இன்று அந்தப் பங்க்கில் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் கேட்டால், பையன்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அதை அளந்து ஊற்றிய கைப்பம்பு நின்ற இடத்தில் மின்வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுகிறார்கள். ஊர்களின் நடுவே புகுந்து போன பழைய சாலை, ஊர்களைத் தொடாமல் விலகி அகன்றுவிட்டது. சேவியர் வேலை மாறி ஓசூர் போய்விட்டான், வண்டியையும் கூட்டிக்கொண்டு. ஞாயிறுகளில் தொலைபேசியில் எஞ்சின் சத்தத்தைக் கேட்க வைக்கிறான். புகையை அனுப்ப இன்னும் வழி வரவில்லை. ரெஜினா அக்கா வீட்டு முற்றத்தில் சிமெண்டுத் தளம் போட்டாகிவிட்டது. அன்று சிந்திய எண்ணெய்க் கறை அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது.

ஒன்று மட்டும் மறையவில்லை. அன்று திருகை இறுக்கி எழுந்து, ஸ்பானரைக் கீழே வைக்கும் முன்பே, அக்காவும் பக்கத்து வீட்டாரும் கேட்க நான் உரக்கச் சொன்னது: "மச்சான், ஸ்பானர் கையில இருக்கறவரைக்கும் இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன்."