மெதுவக்கா அழுத்தாத பொத்தான்

டயர் கடை மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவளுக்கு மெதுவக்கா என்று பேர். பின்னே வைக்க மாட்டார்களா? பழைய ஹார்ட் டிரைவில் இருப்பதைப் புது டிரைவுக்கு அப்படியே நகலெடுக்கச் சொன்னால், பெட்டியைத் திறந்து பழையதில் சிவப்பு டேப் ஒட்டுவாள். அதில் அச்சடித்த நம்பரின் கடைசி நாலு எண்ணை உரக்கப் படிப்பாள். கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரர் அதே எண்ணைத் திரையில் தேடிக் காட்ட வேண்டும். கடைசியில் ‘தொடங்கு’ பொத்தானையும் அவரேதான் அழுத்த வேண்டும். பத்திரம் பதிகிற ஆபீஸே தேவலை என்று கேலி பேசாத ஆள் கிடையாது. அவள் விளக்கம் சொன்னதே இல்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் கை பறக்கும். அவளுடைய அண்ணன், பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளியில் கணக்கு வாத்தியார். படமே போடாமல் முக்கோணத்தையும் வட்டத்தையும் வெறும் சொல்லால் புரியவைக்கிற பாடங்களை ஆறு வருஷமாக எழுதிச் சேர்த்திருந்தார். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணவும், பழையதைப் போலவே அதே கம்பெனி, அதே அளவில் புது டிரைவ் வாங்கிக்கொண்டு தங்கையிடம் வந்தார். ரெண்டு பேரும் சின்ன வயசுக் கூத்தையெல்லாம் பேசிப் பேசிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டு அவள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

காலியான புது டிரைவ், ஆறு வருஷத்து உழைப்பின் மேல் ஒழுங்காக நகலானது. ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று வேறு காட்டியது அந்தப் பாழாய்ப்போன திரை.

பதினோரு நாள் தலைகீழாக நின்றும் ஒரு வரிகூட மீளவில்லை. அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார், அவ்வளவுதான். அதற்கப்புறம் நல்லது கெட்டது எல்லாம் அண்ணி வழியாகத்தான் வந்தது. அவர் பாடங்களை முதலிலிருந்து எழுதுகிறார் என்பதையும் அண்ணிதான் சொன்னாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாசம் ஒரு காலை, கடையைத் திறந்த கொஞ்ச நேரத்தில் அதே அண்ணன் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். தலை நரைத்திருந்தது. கம்ப்யூட்டரை மேஜையில் வைத்து, யாரோ கடைக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னார். டிரைவ் போகப் போகிறது, இன்னொன்று வாங்கி வந்திருக்கிறேன், வேறு இடத்தில் நகல் இருப்பது போன வருஷம் வரைக்கும்தான், இந்த ஒரு வருஷம் எழுதியது இதில் மட்டும்தான் இருக்கிறது.

அவள் வேறு கடைக்குப் போகச் சொல்லலாமா என்றுகூட யோசித்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, பழையதில் சிவப்பு டேப்பை ஒட்டினாள். ஏழு, நாலு, ஒன்று, ஒன்பது என்று படித்தாள். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையில் விரல் வைத்துக் காட்டினார். சரியாக இருந்தது. திரும்ப ஒரு தடவை படித்தாள். திரும்பவும் காட்டினார். அவள் மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் தொடவில்லை.

“நீ அழுத்து.”

“இங்க கம்ப்யூட்டருக்குச் சொந்தக்காரங்கதான் அழுத்தணும்ணே. யாரா இருந்தாலும்.”

“தெரியும். அண்ணி சொன்னா.” மவுஸை அவள் பக்கமே திருப்பித் தள்ளினார். “அன்னைக்கு உன்னை வேலை பார்க்க விடாம பேச்சுக் கொடுத்தது நான். அதைச் சொல்லத்தான் இத்தனை வருஷமா வாய் வரலை. நீ அழுத்தும்மா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணை மூன்றாவது தடவையும் சரிபார்த்துவிட்டு அழுத்தினாள்.

நகலாகி முடிய மூணு மணி நேரம் ஆனது. வெற்றி என்று திரை காட்டியதை அவள் நம்பவில்லை. பழைய டிரைவைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதை மட்டும் வைத்துக் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, கடைசிப் பாடத்தைத் திறந்து காட்டினாள். முந்தின நாள் எழுதிய வரி வரைக்கும் இருந்தது. அதுவரை அண்ணன் ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசாமல்.