சடகோபன் பார்த்த கொக்குகள்

திருத்தணி ஸ்டேஷனை விட்டு வண்டி நகர்ந்ததுமே சடகோபனின் தலை ஜன்னலுக்கு வெளியே போய்விடும். என்ஜின் துப்பும் கரித்தூள் கண்ணில் விழும். மனைவி பாஞ்சாலி முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி, ஒற்றியெடுப்பாள். மறுநிமிஷம் தலை மறுபடி வெளியே. தந்திக் கம்பியில் மீன்கொத்தி, புதரோரம் கீரி, பனைமேல் பருந்து என்று ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டே வருவார். யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

பொதட்டூர்பேட்டையில் அவருக்குத் தறி வேலை. நாள் முழுக்கத் தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு, கண்ணை இழையிலேயே வைத்திருக்கிற மனிதர். தூரத்தைப் பார்க்க அவருக்கு வருஷத்தில் ஒரு நாள்தான்: காணும் பொங்கலன்று குடும்பத்தோடு புத்தூரில் கொழுந்தியாள் வீட்டுக்குப் போய், பொழுது சாய்வதற்குள் திரும்புகிற ரயில் பயணம்.

போன வருஷம் அந்த ஒரு நாளிலும் மானம் போயிற்று. நகரி தாண்டி ஓர் ஏரிக்கரையில் கொக்குக் கூட்டம் என்று தூங்கியவர்களையெல்லாம் எழுப்பிவிட்டார். கிட்டே போனால், கஞ்சி போட்டு மூங்கிலில் காயவைத்த வெள்ளை நூல். நெய்கிறவருக்கே நூல் தெரியவில்லையே என்று பெட்டியே சிரித்தது. பாஞ்சாலியும் சிரித்தாள், அதுதான் அவருக்கு ஆறவில்லை. மைத்துனன் வீராசாமியோ வருஷம் பூராவும், "இன்னா பாவா, தறியில கொக்கு ஓடுதா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் ஜன்னலோரத்தையும் அவனே பிடித்துக்கொண்டான். சடகோபன் அவன் தோளுக்கு மேலே எக்கித்தான் தலையை நுழைக்க வேண்டியிருந்தது.

அதே ஏரிக்கரை வந்தது. அதே வெள்ளை வரிசை. சடகோபன் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொக்கு என்றார். வீராசாமி சிரிக்க ஆரம்பித்தான்.

"நூலுதாங்க. பேசாம உக்காருங்க," என்றாள் பாஞ்சாலி தணிந்த குரலில். மனுஷர் மறுபடி தலைகுனியப் போகிறாரே என்று அவளுக்குப் பயம்.

அவர் உட்காரவில்லை. சொல்லிவைத்தாற்போல் கண்ணில் கரி விழுந்தது. இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு, நீர் வழிய வழியப் பார்த்தார்.

"கண்ட்ரோல்ல ஒரு சிட்டம் நூலுக்கு நாம நாயா அலையறோம். கரை பூரா காயப்போட அங்க எவன்கிட்ட இருக்குது நூலு? பாத்துகினே இரு."

போன பொங்கலுக்கு அப்புறம் யுத்தத்தைச் சொல்லி நூலுக்குக் கட்டுப்பாடு வைத்ததில் ஊரில் பாதித் தறி சும்மா கிடந்தது. அது வீராசாமிக்கும் தெரியும். சிரிப்பைப் பாதியில் நிறுத்தினான்.

என்ஜின் ஊதியது. ஏரிக்கரை ஒரேயடியாக எழுந்தது. வெள்ளை வெளேரென்று, வண்டிக்கு மேலாகவே பறந்து, நகரி மலைப் பக்கம் திரும்பியது. எல்லா ஜன்னலிலும் தலைகள். பாஞ்சாலி பக்கத்துப் பெஞ்சுக்காரியைப் பிடித்து, "அத்தினியும் கொக்குங்க. எங்க வூட்டுக்காரரு அப்பவே சொன்னாரு," என்றாள், தன் வீட்டுப் பசு கன்று போட்டதுபோல. சடகோபனுக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது. அந்தப் பக்கத்து வயசாளி ஒருவர், மேற்கொண்டு என்ன வரும் என்று அவரையே கேட்டார்.

வீராசாமி எழுந்து இடம் விட்டான். சடகோபன் ஜன்னலோரத்தில் சாவகாசமாகக் காலை மடித்து உட்கார்ந்தார். தலையை வெளியே விட்டார். பிறகு, திரும்பிக்கூடப் பார்க்காமல், வலதுகையை மட்டும் பின்னால் நீட்டினார்.

வீராசாமி தூக்குச்சட்டியைத் திறந்து, புளிச்சோற்றை உருட்டி அந்தக் கையில் வைத்தான்.