பாதிப் பருமன் கயிறு

தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் வழியைப் பிறருக்குச் சொல்லித்தந்த ஒருவர், தன் முறை வரும்போது அந்த வழியைத் தொடாமல் நின்றால் அதற்கு என்ன பெயர்? பெருந்தன்மை என்றார்கள் சிலர். கோழைத்தனம் என்றார்கள் பலர். இரண்டுமே உடையப்பனுக்குப் பொருந்தவில்லை என்பதுதான் இத்தனை வருடம் யோசித்ததில் எனக்குக் கிடைத்த பலன்.

சாக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியில் அவர் டிரில் மாஸ்டர். நிலக்கடலை பயிரிடுகிற குடும்பம். அபூர்வமான மனிதர் என்று சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்துவிட்டுத் தான் மரத்தடியில் நிற்பவர்தான். என்.சி.சி. பொறுப்பும் அவரிடம் இருந்ததால், 1967-ல் வடக்கே நடந்த பாறையேற்றப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூக்குத் தோல் உரிந்து, ஒரு நீளக் கயிற்றோடும் இரண்டு சின்னக் கயிற்று வளையங்களோடும் திரும்பி வந்தார்.

அந்தக் காலத்தில் பாறை ஏறுகிறவர்கள் கயிற்றை இடுப்பில்தான் கட்டிக்கொண்டார்கள். கால் தவறி அந்தரத்தில் தொங்க நேர்ந்தால் கயிறு விலாவுக்குக் கீழே இறுக்கும். முதலில் குரல் போகும், பிறகு மூச்சு. மேலே கயிற்றைப் பிடித்திருப்பவனுக்குக் கீழே தொங்குபவன் தெரியமாட்டான். ஆகவே தொங்குகிறவனே தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வளையம் அதற்குத்தான். பெரிய கயிற்றில் பாதிப் பருமன் உள்ள வளையத்தை அதன்மேல் மூன்று சுற்றுச் சுற்றினால், சும்மா தள்ளும்போது மேலே நகரும், பாரம் விழுந்தால் கவ்விக்கொள்ளும். ஒரு வளையத்தில் கால் வைத்து எழுந்து நின்றால் இடுப்பு இறுக்கம் விடும். நின்றபடி மற்றதை மேலே தள்ளி, அதில் ஏறி நிற்க வேண்டும். இப்படியே போனால் யார் தயவும் இல்லாமல் மேலே வந்துவிடலாம்.

அவருடைய முதல் மாணவன், அவர் மனைவி நாச்சியாரின் தம்பி முத்துராமலிங்கம். காரைக்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்தான். பள்ளிக்கூடத்துப் புளியமரக் கிளையில் பயிற்சி நடந்தது.

"மச்சான், புளியம்பழம் உலுக்கணும்னா நான் விறுவிறுன்னு ஏறிருவேன். இதென்ன புழு ஊர்ற மாதிரி?"

"புளியமரம் உன் இடுப்பை நெரிக்காது மாப்ளே. இறங்கி மறுபடியும் ஏறு."

"எங்க அக்காளைக் கட்டி எங்களை நெரிக்கிறது பத்தாதாக்கும்!"

சிரித்துக்கொண்டே ஏறுவான். நன்றாகவே ஏறுவான்.

1970-ல் பள்ளித் தாளாளர் பெத்தாச்சி, ஆண்டு விழாவை ஒட்டிப் பாறையில் ஒரு காட்சி நடத்த வேண்டும் என்றார். சாமான் முழுக்க அவர் உபயம். சீர் வரிசையில் வைக்கிற பித்தளைப் பானை கனமில்லாவிட்டால் கொடுத்தவருக்குத் தலைகுனிவு என்று நினைக்கிற ஊர் இது. வளையங்களைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தது.

"என்ன மாஸ்டர், அரைஞாண் கயிறு மாதிரி இருக்கு? நாலு பேரு முன்னால ஆளு தொங்கப் போறான். நம்ம குடுக்கிற சாமான் நோஞ்சானாவா இருக்கிறது?"

"மெல்லிசா இருந்தாத்தான் ஐயா கவ்வும். ரெண்டும் ஒரே தடிமன்னா வழுக்கும்."

பெத்தாச்சி தன் கணக்குப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா பெரியகருப்பா? தடிச்சது வழுக்குமாம், மெலிஞ்சது தாங்குமாம்!"

பெரியகருப்பன் விழுந்து விழுந்து சிரித்தார்.

பெரிய கயிற்றின் பருமனிலேயே புது வளையங்கள் வந்தன. உடையப்பன் மரத்தில் கட்டிப் பார்த்தார். மூன்று சுற்று வழுக்கியது. ஐந்து சுற்று நின்றது. "அஞ்சு சுத்து சுத்திரு மாப்ளே" என்றார். "சரி மச்சான்" என்றான் அவன். பழைய வளையங்களை அவன் இடுப்பில் செருகி அனுப்பியிருக்கலாம். கொடுத்தவர் எதிரே உட்கார்ந்திருக்க, கொடுத்ததை விட்டு வேறொன்றை எடுப்பது இங்கே அவமதிப்பு. அவமதிப்புக்குப் பயந்து ஐந்து சுற்றை நம்பினார். இந்த இடத்தில் அவருக்காக வாதாட எனக்கு மனமில்லை.

பிரான்மலை போகிற வழியில் ஒரு மொட்டைப் பாறை. கீழே பந்தல், மைக், தாளாளருக்கு நாற்காலி. உடையப்பன் உச்சியில் கயிற்றை முதுகோடு சுற்றிப் பிடித்து உட்கார்ந்தார். முத்துராமலிங்கம் விளிம்பைத் தாண்டி இறங்கி அந்தரத்தில் தொங்கினான்.

புது வளையங்களின் கயிறு விறைப்பாக இருந்தது. தரையில் நின்று ஐந்து சுற்றுப் போடுவது வேறு, விலா இறுகத் தொங்கிக்கொண்டு போடுவது வேறு. மூன்று சுற்றுக்கு மேல் அவன் கை ஓடவில்லை. கால் வைத்து எழுந்தான், வளையம் சரிந்தது. மறுபடி எழுந்தான், மறுபடி சரிந்தது. கால்கள் உதறின. கூட்டம் சிரித்தது.

"பாருங்க, என்னமா வேடிக்கை காட்டுறாருன்னு!" என்றது பெரியகருப்பனின் மைக். விசில் பறந்தது.

உச்சியில் இருந்த உடையப்பனுக்குக் கேட்டது கைதட்டல் மட்டும். நன்றாகப் போகிறது என்று நினைத்தார். கயிற்றின் ஆட்டம் நின்றபோதுதான் அவருக்கு விளங்கியது. உள்ளங்கைத் தோல் கருக வேகமாகக் கீழே இறக்கினார். தரையில் கிடத்தியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்பத்திரி போகிற வழியில் வேனிலேயே உயிர் போனது.

"முடிச்சுப் போடத் தெரியாத பயலைத் தொங்க விட்டாக" என்றது டீக்கடை. குடித்திருந்தான் என்றும் யாரோ சேர்த்தார்கள். பள்ளிக்கூடமும் ஏறக்குறைய அதையே நாசூக்காகச் சொன்னது.

விசாரணைக்குக் கிளம்பிய கணவரை நாச்சியார் மறித்தாள். "என் தம்பி முட்டாள் இல்லைன்னு ஊரு கேக்கணும். கயிறுதான் காரணம்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

பழைய வளையத்தையும் புதியதையும் மேசைக் காலில் சுற்றிக் காட்டியிருந்தால் போதும். அவரை அது காப்பாற்றியிருக்கும். கயிற்றில் குறை உண்டா என்று அதிகாரி கேட்டார். பெத்தாச்சி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கயிறு நல்ல கயிறு. பையனும் கத்துக்கிட்டதைச் சரியாத்தான் செஞ்சான். நான் சொல்லிக்குடுத்ததுதான் தப்பு" என்றார் உடையப்பன்.

வேலை போயிற்று. செத்தவன் பேரில் இருந்த கறை கொஞ்சம் போயிற்று. நாச்சியாருக்கு அது போதவில்லை.

"எம்புட்டு நல்லவுக நீங்க! கொன்ன கயித்துக்கு நற்சான்று குடுத்துட்டு வாரீக" என்றாள்.

ஒரு வருடம் கழிந்தது. பெரியகருப்பன் வந்து, பெத்தாச்சி ஐயாவின் நூல் மில்லில் கேட் மேஸ்திரி வேலை காலியாக இருக்கிறது, வரச் சொன்னார் என்றார். அவர் தலை மறைந்ததும் நாச்சியார் சொன்னாள்: "வாயை மூடுனதுக்குக் கூலின்னு ஊரு சொல்லும்."

"சொல்லட்டும்."

"அங்க போனீகன்னா நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்."

ஆனாலும் அவர் போவதென்றே இருந்தார். வறுமை என்று காரணம் சொல்ல முடியாது. கடலைக் காடு இருந்தது. பெத்தாச்சியின் குற்ற உணர்வைத் தினமும் கண்ணெதிரே நின்று கிளறவா? அப்படியென்றால் ஒரு நாளாவது பேசியிருப்பார். தண்டனையாகவா? தண்டனை தனக்கு மட்டும் என்றால் மனைவியை ஏன் அதில் இழுத்தார்?

1972 தை மாதம், திங்கட்கிழமை காலை, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மில் கேட்டில் போய் நின்றார். நாச்சியார் அன்றே காளையார்கோவிலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். ஏன் போனார் என்பதை அவளிடமும் அவர் சொல்லவில்லை.